மணியைப் பார்ப்பதா, தண்ணியைப் பார்ப்பதா?

“அண்ணே, காப்பார் பக்கம் ஒரு குளத்துல ஞாயித்துக்கெழம போட்டியாம். மொத பரிசு மோட்டார் சைக்கிளாம். பேரு குடுத்துடவா?”

சுங்கை செம்பிலாங் ஜெட்டிக்குத் தூண்டிலோடு வரும் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. தொழிற்சாலையிலும் லாரியிலும் செம்பனைத் தோட்டத்திலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, கிடைக்கிற ஒரு நாளை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வியின் உள்ளே இருப்பது. போட்டிக் குளமா, ஆற்றுவாயா? பரிசா, ஓய்வா? நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன். மேடையேறிப் பரிசு வாங்கியதும் உண்டு, வெறும் பனிப்பெட்டியோடு வீடு திரும்பியதும் உண்டு. அதனால் ‘அவரவர் விருப்பம்’ என்று மழுப்ப மனமில்லை. போட்டிக்குப் போங்கள், தொழில் கற்றுக்கொள்ளப் போங்கள். கற்றதும் வெளியே வந்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. சுங்கை செம்பிலாங் ஜெராமுக்குப் பக்கத்தில், கோல சிலாங்கூர் மாவட்டத்துக் கரையோரம். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் சதுப்புக்காடு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை. கரை என்றால் இங்கே மணல் இல்லை, சேறு. தண்ணீர் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இன்றைக்கு ஏறிய நேரத்தில் நாளைக்கு ஏறாது, ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அப்போது ஓட்டம் கடுமை. ஈயக்குண்டு தரையில் நிற்காது, சேறு கலங்கித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். அட்டமி, நவமியை ஒட்டித்தான் ஓட்டம் தளர்ந்து தண்ணீர் கொஞ்சம் தெளியும். மலாய் மீனவர்கள் அதை ‘ஆயிர் மாத்தி’ என்பார்கள்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓத அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் வீட்டுச் சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்குகிறது. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று அம்மா ஒதுக்கி வைக்கிற நவமி, ஆற்றுவாயில் சியாக்காப் மீனுக்குத் தூண்டில் போடுபவனுக்கு நல்ல நாள். நவமி, தசமி, ஏகாதசி என்று இரண்டு மூன்று நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் நீர் தேங்கி நின்று மறுபடி நகரத் தொடங்கும் அந்த முதல் ஒரு மணி நேரம் விடிகாலையிலோ அந்தியிலோ அமைந்துவிட்டால், அன்றைக்கு முதலாளியிடம் என்ன காரணம் சொல்லியாவது லீவு போடலாம்.

போட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி, ஊதல் அடித்தால் தூண்டில் விழ வேண்டும், பகல் ஒரு மணிக்கு மறுபடி ஊதல் அடித்தால் எடுக்க வேண்டும். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது: மனிதன் குறித்த நேரம், தண்ணீர் குறிக்கிற நேரம்.

எங்கள் தாத்தா தலைமுறைக்கு இந்தக் குழப்பமே இல்லை. கித்தா தோட்டத்தில் காலையில் பெரட்டு, பால் வெட்டு, பகலுக்கு மேல் ஓய்வு. ஓய்வு என்றால் தோட்டத்துக் கானில் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை. தூண்டில் போட்டது குழம்புக்கு, அவ்வளவுதான். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அறுவை முடிந்து வந்தவர் வீட்டுக்கும் விரால் கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதை. மலாய்க்காரர்களும் புண் ஆற ‘ஹாருவான்’ என்று இதையேதான் தேடுவார்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் காலியாகிப் பிள்ளைகள் புக்கிட் ரோத்தான், கிள்ளான், ஷா ஆலாம் என்று அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கானில் மீன் இன்னும் இருக்கிறது. ஆனால் களைக்கொல்லி தெளிக்கும் தோட்டத்துக் கான் மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பாராகுவாட் மருந்தை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள் என்பது நல்ல செய்திதான். அதற்காக மற்ற மருந்துகள் சர்க்கரைத் தண்ணீர் ஆகிவிடுமா?

சரி, போட்டிக்கு வருவோம்.

நம் பக்கத்தில் நடப்பவை பெரும்பாலும் கட்டணக் குளப் போட்டிகள். குளத்துக்காரர் வளர்ப்பு சியாக்காப்போ பாத்தினோ இறக்குவார். நாம் பேர் கொடுத்து, கட்டணம் கட்டி, குலுக்கலில் இட எண் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கோல், ஒரு முள். வாயில் மாட்டிய மீன்தான் செல்லும். வயிற்றிலோ வாலிலோ கொக்கி ஏறியிருந்தால் கணக்கில் சேராது. எடை கூடிய மீனுக்கு முதல் பரிசு. சில இடங்களில், குறிப்பிட்ட ஓர் எடைக்கு மிக நெருங்கிய மீனுக்கும் பரிசு உண்டு. சில குளங்களில் அடையாளச் சீட்டு குத்திய மீன் இருக்கும், அதைப் பிடித்தால் தனிப் பரிசு.

இதில் கற்க என்ன இருக்கிறது என்று ஆற்றுக்காரர்கள் ஏளனம் செய்வதுண்டு. நிறையவே இருக்கிறது. ஆற்றில் பத்து வருஷம் தூண்டில் போட்டும் சிலருக்கு முடிச்சு சரியாக வராது, ஏனென்றால் அறுந்து போன மீனுக்கு ஆறு கணக்குக் கேட்பதில்லை. போட்டியில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் கட்டிய பணம் போச்சு. அங்கேதான் நரம்பைச் சுற்றியதும் எச்சில் தொட்டு ஈரமாக்கி மெல்ல இறுக்கும் பழக்கம் எனக்கு ஏறியது. காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் சூட்டிலேயே அதன் பலம் பாதி போய்விடும். முள்ளின் நுனியை நகத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். வழுக்கினால் மழுங்கல், கீறி நின்றால் கூர். இதையும் அங்கேதான் கற்றேன், பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவரைப் பார்த்து. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு முறை இரை மாற்றும்போதும் அதைச் செய்துகொண்டே இருந்தார்.

குளத்தைப் படிப்பதும் ஒரு வித்தை. விடிகாலையில்தான் குளத்து நீரில் பிராணவாயு ஆகக் குறைவாக இருக்கும், இரவெல்லாம் பாசியும் மீனும் அதை உறிஞ்சியிருக்கும். அதனால் காலைப் போட்டியில் மீன் காற்றுச் சக்கரம் சுழலும் பக்கமும் புதுத் தண்ணீர் விழும் குழாய்ப் பக்கமும் ஒதுங்கும். வெயில் ஏறிய பிறகு அங்கிருந்து கலையும். உங்களுக்குக் குலுக்கலில் சக்கரத்துக்கு எதிர்க்கோடி விழுந்திருந்தால் முதல் ஒரு மணி நேரம் பதறாதீர்கள், பத்தரை மணிக்கு மேல் உங்கள் பக்கம் வரும். அன்றைக்குக் காலையில் இறக்கிய மீன் மிரண்டு போய் மூலையில் நிற்கும், சட்டென்று தின்னாது. முன்பே குளத்தில் பழகிய மீன்தான் தின்னும். குளத்துக்காரரிடம் கேட்க வேண்டியது ‘எத்தனை கிலோ இறக்குகிறீர்கள்’ என்பதல்ல, ‘எப்போது இறக்கினீர்கள்’ என்பது.

இரை விஷயத்தில் ஒன்று. சியாக்காப்புக்கு உயிர் இறாலை மிஞ்சியது இல்லை. இறாலின் தலையில் கறுப்பாகத் தெரியும் புள்ளிக்குப் பின்னால் முள்ளை ஏற்றாமல், வால் பக்கம் ஓட்டுக்கு அடியில் மெல்லியதாக ஏற்றினால் அரை மணி நேரம் வரை உதைத்துக்கொண்டிருக்கும். பாத்தின் குளம் என்றால் ரொட்டி மாவு போதும். தோட்டத்துப் பையன்கள் பழுத்த செம்பனைப் பழத்தைச் சீவிப் போடுவார்கள், அதுவும் எடுபடும். சியாக்காப்பின் செவுள் மூடி ஓரம் சவர பிளேடு மாதிரி. கரைக்கு வந்து தலையை ஆட்டும்போதுதான் நரம்பை அறுக்கும், அப்படியே விரலையும் அறுக்கும். முனையில் கனத்த நரம்பு ஒரு முழத்துக்கு மேல் இருக்கட்டும். கையில் எடுக்கும்போது கீழ்த்தாடையைப் பிடியுங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள்.

இவ்வளவும் போட்டி தந்தது. அது எடுத்துக்கொள்வது என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

காசில் தொடங்குகிறேன். கட்டணம் 50 வெள்ளியோ 100 வெள்ளியோ, அது மட்டும் செலவல்ல. இரை, பெட்ரோல், சாப்பாடு, ‘இந்தக் கோல் இருந்தால் ஜெயித்திருப்பேன்’ என்று அடுத்த வாரம் வாங்கும் கோல், எல்லாம் சேரும். நூறு பேர் கட்டினால் மூன்று பேர் வாங்குவார்கள். தோற்ற தொண்ணூற்றேழு பேரில் பலர் விட்டதைப் பிடிக்க அடுத்த வாரமும் வருவார்கள், இதற்கு நமக்குத் தெரிந்த வேறு பெயர் இருக்கிறது. என் முஸ்லிம் நண்பர்கள் பேர் கொடுக்கும் முன் ‘பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்பார்கள். கட்டியவர்களின் காசையே திரட்டிப் பரிசாகக் கொடுத்தால் அது சூதாட்டம் என்பது அவர்கள் சமயப் பெரியவர்களின் தீர்ப்பு. கடைக்காரரோ நிறுவனமோ ஆதரவு தந்து பரிசளித்தால் வருவார்கள். நாமும் கேட்க வேண்டிய கேள்வி அது, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன்: வீட்டுக்கு ஒரு வாரம் மீன் வாங்க ஆகும் காசைவிடக் கட்டணம் கூடினால் பேர் கொடுப்பதில்லை.

அடுத்தது, பக்கத்தில் இருப்பவன். ஆற்றில் அவன் கோல் வளைந்தால் நான் வலையை எடுத்துக்கொண்டு ஓடுவேன். குளத்தில் அவன் கோல் வளைந்தால் என் வயிறு எரியும். மனிதன் கெட்டவனாவதால் அல்ல, அந்த ஏற்பாடு அப்படி. ஒரு போட்டியில் நடுவர் ஒவ்வொரு மீனையும் எடை போடும் முன் தலைகீழாகப் பிடித்து, வாயைப் பிளந்து பார்த்து, கட்டை விரலால் வயிற்றை அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு மீனின் வயிற்றில் விரல் நின்றது. உள்ளே ஈயக்குண்டு. அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சை எழுத முடியாது. நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில், ஈரி ஏரிப் போட்டி ஒன்றின் முடிவில் 28,000 டாலருக்கு மேல் பரிசு வாங்கவிருந்த இருவரின் மீன்களை எல்லார் முன்னிலையிலும் கிழித்துப் பார்த்தார்கள். ஈயக்குண்டுகளும் வேறு மீனின் சதைத் துண்டுகளும் வெளியே வந்தன. மறு வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறை போனார்கள்.

பெரிய காசுப் போட்டிகளின் தாய்வீடே அமெரிக்காதான். ரே ஸ்காட் என்ற காப்புறுதி முகவர் 1967 ஜூனில் ஆர்க்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில், ஆளுக்கு 100 டாலர் வாங்கிக்கொண்டு 106 பேரை வைத்து பாஸ் மீன் போட்டி ஒன்றை நடத்தினார். மறு வருஷம் அதற்கென்றே சங்கம் தொடங்கினார். 1971இல் நெவாடா மாநிலத்தை ஒட்டிய மீட் ஏரியில் 10,000 டாலர் பரிசோடு பாஸ்மாஸ்டர் கிளாசிக் நடந்தது. அதில் எனக்குப் பிடித்தது பரிசுத் தொகை இல்லை. போட்டிகளால் ஏரி காலியாகிறது என்ற குற்றச்சாட்டு வந்ததும், 1972இலேயே ‘பிடித்ததைக் கொல்லாதே’ என்று ஓர் இயக்கத்தை அவர் தொடங்கிவிட்டார். படகில் உயிர்நீர்த் தொட்டி, செத்த மீனுக்கு அபராதம் என்று விதிகள் வந்தன. காசு ஆசையைக் கிளப்பியவரே கடிவாளமும் போட்டார். நம் பக்கத்துப் போட்டிகளுக்கு இந்த இரண்டாம் பாதி இன்னும் சரியாக வந்து சேரவில்லை. குளத்து மீன் வளர்ப்பு மீன், அதைக் கொன்றால் பெரிய நட்டமில்லை. ஆற்றுவாயிலும் கடலோரத்திலும் ‘எடை கூடிய மீனுக்குப் பரிசு’ என்று அறிவிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

சியாக்காப், நம் தமிழ்நாட்டுக் கரைகளில் கொடுவா என்பது, பிறவியில் பெண்ணாக இருப்பதில்லை. முதலில் ஆணாக வளர்ந்து, சில வருஷம் கழித்து, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறும். அப்படியானால் ஆற்றுவாயில் பிடிபடும் ஆகப் பெரிய சியாக்காப் எது? முட்டையிடும் தாய். ‘ஆகக் கனத்த மீன்’ என்று பரிசு வைத்தால், தாயைக் கொண்டு வருபவனுக்குப் பரிசு என்றுதான் அர்த்தம். சிலாங்கூர் ஆற்று ஊடாங் காலா கதையும் அதுவே. அந்த இறாலின் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும், ஆகவே சினை இறால் முகத்துவாரம் நோக்கி இறங்கி வரும். வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து தெரிந்தால் திருப்பி விடுங்கள். நீலக் கொடுக்கு நீண்ட ஆண் இறால் குழம்புக்குப் போதும்.

பழைய ஈய லம்பக் குட்டைகளில் தோமான் பிடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோமான் நம் விராலின் பெரிய தாயாதி. ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் காற்று குடிக்க மேலே வரும்போது நீர்ப்பரப்பு ஓரிடத்தில் மட்டும் சலசலவென்று குமிழியிடும். அங்கே ரப்பர் தவளையை எறிந்தால் தாயோ தகப்பனோ பாயாமல் இருக்காது. பசியில் பாய்வதில்லை, பிள்ளையைக் காக்கப் பாய்கிறது. அதைத் தூக்கிய சிறிது நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுக் கூட்டத்தை முடித்துவிடும். போட்டி நாளில் இதைத் திறமை என்று கைதட்டுகிறார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை.

அப்படியானால் போட்டிக்கு ஏற்ற மீன் இந்த வட்டாரத்தில் இல்லையா? இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா, அதாவது நமக்குப் பழகிய பத்தாங் பெர்ஜுந்தை, 2007இல்தான் பெயர் மாறியது. ஒரு காலத்தில் ஈயக் கப்பல்கள் மண்ணைக் குடைந்துகொண்டிருந்த இடம். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்த பிறகு லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, குழிகளில் தண்ணீர் நின்றது. அந்தக் குட்டைகளில் இன்று பீகாக் பாஸ் இருக்கிறது. தென்னமெரிக்க மீன், வாலில் மயில் கண் போல ஒரு வட்டம். யாரோ கொண்டுவந்து விட்டது பெருகிவிட்டது, நம் நாட்டுச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது. அது பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், இருட்டினால் அடங்கிவிடும். காலை ஒன்பது முதல் ஒரு மணி என்று மனிதன் குறிக்கிற நேரத்துக்குச் சரியாக வேலை செய்கிற ஒரே மீன் அதுதான். போட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் அதற்கு வையுங்கள். எத்தனை பிடித்தாலும் ஆற்றுக்கு நன்மை. பிடித்ததைத் திரும்ப விட வேண்டாம், வேறு குட்டைக்கு எடுத்துக்கொண்டு போய் விடவே வேண்டாம். வெள்ளைச் சதை, முள் குறைவு, மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்தால் வீட்டில் இரண்டாவது தட்டு கேட்பார்கள்.

லம்பக் குட்டையில் ஓர் எச்சரிக்கை. கரை மண் உள்ளே குடைந்திருக்கும், மேலே புல் பச்சையாக இருக்கும், கால் வைத்தால் சரியும். கரையை ஒட்டியே பல ஆள் ஆழம். தனியாகப் போகாதீர்கள்.

இனி ஓய்வுப் பக்கம். ‘சும்மா உட்காருவது’ என்று சொல்கிறோமே தவிர, அதையும் பழகித்தான் ஆக வேண்டும். போட்டியிலிருந்து நேராக ஆற்றுக்கு வரும் பையன்களைப் பார்க்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சுருட்டி இரை மாற்றுவான், இடம் மாற்றுவான், கைப்பேசியில் மணி பார்ப்பான். அவனுக்கு நான் தரும் மருந்து ஊடாங் காலாதான். கோல சிலாங்கூர் பக்கம் ஆற்றில் சிறு சம்பான் எடுத்து, நிப்பா ஓலைகளின் நிழலோரம் கட்டிப்போட்டு, சின்ன முள்ளில் மண்புழு. இறால் கடிக்காது. கொடுக்கால் இரையை எடுத்துக்கொண்டு நடக்கும். கோல் நுனி மெல்லத் தணிந்து, நின்று, மறுபடி ஒரு விரற்கடை தணியும். இங்கே வெட்டி இழுத்தால் கொடுக்கிலிருந்து இரை நழுவும், கையில் ஒன்றும் இருக்காது. நடக்க விட வேண்டும். தன் இடத்துக்குப் போய் நின்று, இரையை வாய்க்குக் கொண்டுபோகும்வரை மூச்சை அடக்கி இருந்துவிட்டு, பாரம் கூடும்போது கோலைத் தூக்கினால் போதும். போட்டிக் கை கொண்டவனுக்கு முதல் இரண்டு மணி நேரம் ஓர் இறால்கூட வராது. பகலுக்கு மேல் கை தானாக அடங்கும், அப்போது வரும். மருத்துவமனைக்குப் போய் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவரை இதற்கு அழைத்துப் போனேன். இப்போது அவர் என்னை அழைக்கிறார்.

ஆனால் ஆற்றுக்கும் கணக்கு உண்டு. சிலாங்கூர் ஆறு கிள்ளான் பள்ளத்தாக்குக்கே குடிநீர் தரும் ஆறு. மேலே யாராவது எதையாவது கொட்டினால் கீழே நமக்குத் தெரியும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கலந்த கழிவின் நாற்றத்தால் சுத்திகரிப்பு நிலையங்களையே மூடி, இலட்சக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். தண்ணீரில் எண்ணெய் வாடையோ இரசாயன வாடையோ அடித்தால், இறால் மயங்கிக் கரையேறினால், அதை அள்ளிப் பைக்குள் போடாதீர்கள். ‘இன்னிக்கு நல்ல வேட்ட’ என்று மகிழும் நாள் இல்லை அது.

ஜெட்டியிலும் சேற்றிலும் தூண்டில் போடுபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது சில. செம்பிலாங் மீன் இந்தக் கரையில் நிறைய. முதுகில் ஒன்று, இரு பக்கத்தில் ஒவ்வொன்று என்று நச்சு முள் மூன்று. குத்தினால் பெரிய ஆண்பிள்ளைகளே அழுவார்கள். பனிக்கட்டி வைக்காதீர்கள். பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், தோல் வெந்துவிடாத சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். அந்த நஞ்சு சூட்டில் சிதையும். பிறகு மருத்துவரிடம் போங்கள். பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோவது காப்பிக்கு மட்டுமல்ல. சம்பான் எடுத்துக் கால்வாய்க்குள் போனால், வற்றம் பாதியாகும் முன் வெளியே வந்துவிடுங்கள். பிந்தினால் சேற்றில் உட்கார்ந்து அடுத்த ஏற்றம் வரை ஐந்தாறு மணி நேரம் கொசுவுக்கு இரையாக வேண்டும். வானம் இடித்தால் கோலைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள். இந்தக் காலத்துக் கோல் எல்லாம் கார்பன், மின்சாரம் பாயும். நம் நாட்டு மேற்குக் கரை இடிக்குப் பேர் போனது. காலில் புண் இருந்தால் தோட்டத்துக் கானிலும் தேங்கிய குட்டையிலும் இறங்காதீர்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அங்கிருந்துதான் வரும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், குட்டையில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் டெங்கி என்று மட்டும் நினைத்துவிடக் கூடும்.

பிடித்துவிட்டு விட நினைப்பவர்கள் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். காய்ந்த கை அதன் மேல் இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு நோய் பிடிக்கும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள், வயிற்றுக்கடியில் இன்னொரு கை கொடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் நரம்பை அறுத்துவிடுங்கள். மின்சாரம் பாய்ச்சியும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பவர்களைப் பார்த்தால் சும்மா திரும்பி வராதீர்கள். 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி அது குற்றம், மீன்வள இலாகாவிடம் புகார் செய்யலாம்.

பையன்களுக்கு நான் கொடுக்கும் பதில் இப்போது ஒரு வரிசைக்கு வந்திருக்கிறது. இருபது வயதில், கையில் கடன் இல்லாமல் இருந்தால் ஒரு வருஷம் குளப் போட்டிகளுக்குப் போ. முடிச்சு, முள், இரை, குளத்தைப் படிப்பது, தோற்றபின் கை குலுக்குவது, எல்லாம் கற்றுக்கொள். பரிசு கிடைத்தால் வீட்டில் கொடு, அடுத்த கட்டணத்துக்கு ஒதுக்காதே. தூக்கத்திலும் இட எண் கனவில் வருகிறது, மனைவியிடம் கட்டணத்தைக் குறைத்துச் சொல்கிறாய் என்றால் நிறுத்திக்கொள். பிள்ளைகளை மட்டும் காசுப் போட்டிக்குக் கூட்டிப் போகாதே. அவர்களை முதலில் ஜெட்டிக்குக் கூட்டி வா. ஒரு கெலாமா, ஒரு டூரி, எதுவானாலும் பிடிக்கட்டும். தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு மீன்பிடிப்பு என்றால் என்ன என்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக, போட்டி நடத்தும் நம் இளைஞர் மன்றங்களுக்கும், பள்ளிக்கு நிதி திரட்டப் போட்டி வைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆற்றிலோ கடலோரத்திலோ வைத்தால் எடைக்குப் பரிசு வேண்டாம். அளவுகோலில் நீளம் அளந்து, படம் எடுத்து, மீனை உயிரோடு விட்ட பிறகு புள்ளி கொடுங்கள். பரிசை ஆதரவாளர்களிடம் வாங்குங்கள், வாங்கும் கட்டணம் பள்ளிக்குப் போகட்டும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகச் சிறிய மீனுக்கும் ஒரு பரிசு வையுங்கள். நோட்டீஸ் அடிப்பதற்கு முன் ஓத அட்டவணையையும் தமிழ் நாட்காட்டியையும் பார்த்து நாளையும் நேரத்தையும் குறியுங்கள். அன்றைக்கு நவமியாக இருந்தால் என் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள்.